பேட்டரி மேல் அப்பாவின் கையெழுத்து

முந்தின நாள் பல் டாக்டர் அந்தச் சிவப்புக் காரை மூன்று முறை சுற்றி வந்து, டயரை ஒரு தட்டுத் தட்டி, "நாளைக்கு நாலு மணிக்கு வர்றேன், ஓட்டிப் பாத்துட்டு முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாரே, அந்த நாலு மணிக்கு இன்னும் ஏழு மணி நேரம்தான் இருந்தது. காரோ மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது.

சாவியைத் திருப்பினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. சின்னவன் நாலு தடவை திருப்பினான். ஐந்தாவது தடவை ஸ்டியரிங்கை ஓங்கி அறைந்தான்.

"செத்தவங்க முழிச்சுக்க மாட்டாங்கடா, கையை வலிக்க வெச்சுக்காத" என்றாள் பெரியவள்.

சின்னவனுக்கு மறுநாள் காலை விமானம். அப்பா போய் மூன்று மாதம் கழித்துப் பத்து நாள் லீவில் வந்தவன், வீட்டையும் காரையும் ஒரே மூச்சில் பைசல் பண்ணிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்திருந்தான். வீட்டு விஷயத்தில் அக்கா பிடிகொடுக்கவில்லை. காராவது போகட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். இரண்டு வாரிசும் கையெழுத்துப் போட்டால்தான் கார் போகும் என்பதால் அக்காவிடம் தேனாகப் பேசிக்கொண்டிருந்தான்.

அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பல் எஞ்சினியராக இருந்த அப்பா, ஓய்வு பெற்ற மறுமாதமே போய் வாங்கி வந்த வண்டி அது. நாலு பேர் இருந்த வீட்டுக்கு இரண்டே சீட். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மிச்ச ரெண்டு பேர் பின்னாடி ஓடி வரணுமா?" என்று கேட்டாளாம். அப்பா சிரித்தார், அவ்வளவுதான். மனிதர் யாரையும் உட்கார வைக்கிற எண்ணத்தில் அதை வாங்கவில்லை.

அம்மா போன அடுத்த வருஷம் அப்பாவுக்குக் கண் போயிற்று. அன்றிலிருந்து எட்டு வருஷமாகக் கார் ஷெட்டை விட்டு நகரவில்லை. எப்போதாவது அதில் போய் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணி, சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார்.

பெரியவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில். கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு முப்பது பேருக்குக் கண் பார்த்து பவர் எழுதிக் கொடுக்கிறவள். வயது நாற்பத்தேழு. அந்த வயதுக்குள் ஊரில் மற்றவர்கள் செய்து முடிக்கும் காரியங்கள் எதையும் அவள் செய்யவில்லை. செய்த ஒன்று, எட்டு வருஷம் அப்பாவுக்குக் கண்ணாக இருந்தது. காலையில் பேப்பர் படித்துக் காட்டினாள், படியிறங்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், மாத்திரை டப்பாக்களுக்கு விதவிதமாக நூல் கட்டி வைத்தாள். அது வீண் போகவில்லை என்ற நினைப்பு மட்டும்தான் அவள் கையில் மிச்சம் இருந்தது. வேறு எதை யார் எடுத்துக்கொண்டு போனாலும் அவளுக்குக் கவலையில்லை.

மெக்கானிக் பத்து மணிக்கு வந்தான். வந்ததும் சிரித்தான்.

"முன்பக்க மூடியைத் தெறக்கவே கரண்ட் வேணும். கரண்ட் குடுக்கற பேட்டரி அந்த மூடிக்குள்ள இருக்கு. இதை யோசிச்சுக் கட்டினவன் நல்லா இருக்கணும்."

டிரைவர் காலடியில் இருந்த ஃப்யூஸ் பெட்டியில் தன் கையடக்க பேட்டரியிலிருந்து ஒயரைக் கொடுத்து, மூடியை 'டக்'கென்று திறந்தான். மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"நாலு வோல்ட்டு. அவுட்."

"சார்ஜ் போட்டா ஏறாதா?" என்றாள் பெரியவள்.

"இவ்வளவு கீழ எறங்கி இத்தனை நாள் கெடந்தா, ஏறினாலும் நிக்காதும்மா. இந்த மாதிரி வண்டியை நிறுத்தி வெச்சாலும் உள்ள அலாரமும் கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிட்டே இருக்கும். மூணு மாசம் ஓடலைன்னா இந்தக் கதிதான்."

"மூணு மாசமா? எட்டு வருஷமா ஓடலையே."

மெக்கானிக் குனிந்து டயரைப் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சின்னவன் குறுக்கே விழுந்தான்.

"அப்பா அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வெப்பாருல்ல, அதைச் சொல்றான். நீ கழட்டுப்பா, நேரமாகுது."

பேட்டரியை வெளியே எடுத்ததுமே சின்னவன் அதை ஒரு சாக்கில் சுற்றினான். சட்டையில் அழுக்குப் பட்டாலே முகம் சுளிப்பவன், அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான்.

"நீ இருக்கா, நான் போய் வாங்கிட்டு வர்றேன்."

"எதுல போவ? உன் லைசென்ஸ்தான் முடிஞ்சு போச்சே."

"டாக்சியில."

"பக்கத்துல இருக்கற கடைக்கு டாக்சியா? வண்டியில ஏறு."

பேட்டரி மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் கடை பேர் இருந்ததை அவள் முன்பே பார்த்திருந்தாள். வேறு கடைக்குப் போகலாம் என்று வழியெல்லாம் சின்னவன் சொல்லிக்கொண்டே வந்தான். இந்த அளவு அங்கேதான் கிடைக்கும் என்று மெக்கானிக் சொல்லியிருந்ததால் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருந்தது ஒரு பெண். கழுத்தில் கண்ணாடி தொங்க, கையில் ரப்பர் உறையோடு இருந்தாள். கார் எது என்று கேட்டதும், மூன்று பேட்டரிகளை அநாயாசமாகத் தூக்கி மேஜையில் வைத்தாள்.

"இது சாதா. உள்ள அமிலம் தளும்பும். இதுல வாயு வெளிய போகக் குழாய் மாட்ட வழி கிடையாது. உங்க வண்டியில பேட்டரி நிக்கறது மூடின இடம், ஒட்டினாப்புல ஆள் உக்கார்ற இடம். நான் சிபாரிசு பண்ண மாட்டேன். நடுவுல இருக்கறது ஏ.ஜி.எம்., பஞ்சுல அமிலம் ஊறியிருக்கும், தளும்பாது. வண்டியோட வந்ததே இந்த வகைதான். இந்தக் கடைசி, லித்தியம். ஒத்தைக் கையால தூக்கலாம். ரேசுக்குப் போறவங்க கேப்பாங்க. சார்ஜரெல்லாம் தனியா வேணும்."

"சாதாவே குடுங்க" என்றான் சின்னவன். "நாலு மணிக்கு ஸ்டார்ட் ஆனா போதும்."

"பழசைக் குடுங்க. வாரண்டி இருக்கான்னு பாப்போம்."

"அதெல்லாம் முடிஞ்சிருக்கும். விடுங்க."

"பாக்கறதுல என்ன சார் நஷ்டம்?"

கடைக்காரம்மா சாக்கை உருவி, பேட்டரியைத் தன் பக்கம் திருப்பினாள். அதன் மறுபக்கம் பெரியவளின் முகத்துக்கு நேரே வந்தது.

கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளை மை. வரி வரியாக, எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. தேதி, கிழமை, வோல்ட், ஓடின தூரம். 'செவ் – 12.6 – 31 கி.மீ. வெள் – 12.5 – 44 கி.மீ. செவ் – 12.6 – 27 கி.மீ.'

கப்பலில் இருந்த காலத்துப் பழக்கம் அது. பம்ப், மோட்டார், வீட்டு கேஸ் அடுப்பு எதையும் அப்பா விடமாட்டார். பார்த்த அளவைப் பார்த்த இடத்திலேயே எழுதிவிடுவார். அந்த ஏழு வயிறு வளைந்து வால் நீளும். உலகத்தில் வேறு யாரும் அப்படி ஏழு போடமாட்டார்கள்.

பெரியவளுக்கு முதலில் எழுத்தின் அளவுதான் கண்ணில் பட்டது. தொழில் புத்தி. படிக்கும் தூரத்தில் பிடித்துக் காட்டும் அட்டையில் கடைசி வரி எந்த அளவோ அந்த அளவு. அவளிடம் வருகிற அறுபது வயதுக்காரர்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டும் தட்டுத்தடுமாறும் வரி. அதைப் படிக்கவே அப்படி என்றால், எழுதியவர் கண் எப்படி இருந்திருக்க வேண்டும்!

கடைசித் தேதி அப்பா இறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால்.

செவ்வாயும் வெள்ளியும் அவள் இன்னொரு கிளைக்குப் போகும் நாட்கள். திரும்ப இரவு ஏழாகும். ஷெட் கதவு திறப்பதோ பின் சந்தில், ஆளில்லாத குடோன்களின் நடுவே.

"அய்யா எப்படி இருக்காரு?" என்றாள் கடைக்காரம்மா, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே. "மாசம் ஒரு தடவை வந்து செக் பண்ணிட்டுப் போவாரு. அந்த வயசுல ரிவர்ஸ்ல ஒரே அடியில கொண்டாந்து நிறுத்துவாரு பாருங்க, எங்க பசங்க கை தட்டுவாங்க. ஆளையே காணோம் கொஞ்ச நாளா."

"தவறிட்டாரு" என்றாள் பெரியவள். தன் குரலே அவளுக்கு யாருடையதோ போல் கேட்டது.

"ஐயோ." கடைக்காரம்மா கழுத்துக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பேச்சை மாற்றத் தெரியாமல் திரையையே படித்தாள். "இருபத்திரண்டு மாசந்தான் ஆச்சு. வாரண்டி இருக்கு. ஆனா ஓட்டாம விட்டதுக்குக் குடுக்க மாட்டாங்க. பேர் போடல, நம்பர் மட்டும் இருக்கு. கடைசி நாலு, மூணு ஒன்பது ஒன்பது ரெண்டு. இது உங்க நம்பரா?"

பெரியவள் சின்னவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. லீவில் வரும்போது மட்டும் அவன் போட்டுக்கொள்ளும் உள்ளூர் எண் அது. மற்ற மாதங்களில் அது செத்துப்போகாமல் ரீசார்ஜ் பண்ணுகிறவள் அவள்தான்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு..."

"இதைக் குடுங்க" என்று அவள் நடுவில் இருந்த பேட்டரியைக் காட்டினாள்.

"அது எதுக்குக்கா? விக்கப் போற வண்டிக்கு..."

"வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னு நம்ம வீட்டுல நடந்தது போதும். அந்த டாக்டராவது சரியானதை வாங்கிட்டுப் போகட்டும்."

கடைக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "புது பேட்டரி மாட்டினதை வண்டி கம்ப்யூட்டருக்குச் சொல்லணும், மெக்கானிக்கிட்ட மெஷின் இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். பழைய பேட்டரியை உள்ளே எடுத்துப்போகக் கை நீட்டினாள்.

"அது வேணும்" என்றாள் பெரியவள்.

திரும்பும் வழியில் முதல் சிக்னல். சிவப்பு விழுந்தது.

"நீதானே அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன? கண் டாக்டர் கையை விரிச்சிட்டாருன்னு நீதானே வந்து சொன்ன?"

சின்னவன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான்.

"கேக்கறேன்ல."

"ஆஸ்பத்திரிக்குப் போகலக்கா."

"பின்ன எங்க போனீங்க? காலையில போயிட்டு சாயங்காலம் வந்தீங்களே."

"சும்மா சுத்தினோம். ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து நேரமாகியிருந்தது. அவள் வண்டியை எடுத்தாள். கியர் சரியாக விழாமல் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.

'நடுவுல கறுப்பா ஒரு பொட்டும்மா. சுத்தி எல்லாம் தெரியுது, பாக்கற இடம் மட்டும் தெரியல.' அப்பா முதல்முதலாக அதைச் சொன்னது சாப்பாட்டு மேஜையில். அதற்கு ஒரு மாதம் முன்னால், அதே மேஜையில், கடைக்கு வந்த ஒரு வாத்தியாரின் கதையை அவள்தான் சொன்னாள். கறுப்புப் பொட்டு, சுற்றிலும் தெரிவது, கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லாதது, எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தவை. அப்பா ஒரு சொல்கூட மாற்றாமல் அவளுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனபோது கையைத் தட்டிவிட்டு, "பெத்த பொண்ணு கையால என் குருட்டுத்தனத்தை அளக்க வேணாம்மா" என்றார். அவளும் அளக்கவில்லை. மரியாதை என்று நினைத்தாள். ஊருக்கே கண் பார்க்கிறவள் கண்ணில் வீட்டுக்குள்ளேயே மண்ணைத் தூவிவிட்டார்கள்.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். முதலில் வந்தது வெட்கம். படியிறங்கும்போது அவர் முழங்கையை எத்தனை பத்திரமாகப் பிடித்திருந்தாள் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

நாலு மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் பல் டாக்டர் வந்தார். அதற்குள் மெக்கானிக் புது பேட்டரியை இறக்கி, பட்டையை இறுக்கி, குழாயை மாட்டி, மெஷினைச் செருகிக் காருக்கு விவரம் சொல்லியிருந்தான். சாவியைத் திருப்பியதும் கார் ஷெட் தகரம் அதிர உறுமியது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார்.

சாப்பாட்டு மேஜை மேல் விற்பனைப் பத்திரம் இருந்தது. சின்னவன் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அக்கா பக்கம் தள்ளினான்.

"போட்டுடுக்கா. அவர் வர்றதுக்குள்ள."

"ஏண்டா பண்ணீங்க?"

"அப்பாதான். அம்மா போனப்புறம் அவருக்கு பயம். தனியா விட்டுடுவோம்னு. நான் அவ்வளவு தூரத்துல இருக்கேன், என்னால வர முடியுமா சொல்லு."

"வர முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. நான் இருக்கணும்னா, இருன்னு கேட்டிருக்கலாமே. நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

சின்னவன் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"உனக்கு ஒரு குறையும் வெக்கலக்கா அப்பா. வீடு இருக்கு, வேலை இருக்கு. நீ என்ன கஷ்டப்பட்ட? அந்த லென்ஸ்காரரும் அப்புறம் கல்யாணம் பண்ணிட்டுப் போயிருப்பாரு. எல்லாம் நல்லதுக்குத்தான்."

பெரியவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

லென்ஸ்காரர் என்பவர் அவள் கடைக்கு மாதம் இரண்டு தடவை லென்ஸ் கொண்டுவந்து கொடுத்தவர். வேறு ஊரில் சொந்தமாகக் கடை போடப் போகிறேன், நீங்களும் கூட வந்தால் நன்றாக இருக்கும் என்று நேருக்கு நேர் கேட்டவர். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, கொஞ்ச நாள் போகட்டும் என்று அவள் சொன்னாள். காத்திருக்கிறேன் என்று போனவர், ஒன்றரை வருஷம் அவ்வப்போது ஃபோனில் பேசியவர், ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றுபோனார். அவருக்கு அலுத்துவிட்டது என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். இதை அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அப்பாவிடமும் இல்லை. தம்பியிடமும் இல்லை.

"அவரைப் பத்தி உனக்கு எப்படித் தெரியும்?"

தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அப்போதுதான் சின்னவனுக்கு உறைத்தது.

"சொல்லு. அப்பா மேல போட வேண்டியதெல்லாம் போட்டாச்சு, அவர் வந்து பதில் சொல்லப் போறதில்ல. இது யார் மேல?"

"அவர் எனக்கு ஃபோன் பண்ணினாருக்கா. முறைப்படி வீட்டுல கேக்கணும்னு. உன் கடையில யார்கிட்டயோ என் நம்பர் வாங்கியிருக்காரு. அப்பாவையும் கூடவே வெச்சுக்கறேன்னு சொன்னாரு."

"அப்பாவையும் கூடவே" என்று பெரியவள் மெல்லத் திருப்பிச் சொன்னாள். "நீ என்ன சொன்ன?"

"அப்பா அங்க போய் நாலு நாள் இருந்தா வேஷம் வெளுத்துடுமே. அதான்..."

"என்ன சொன்னன்னு கேட்டேன்."

"உனக்கு இஷ்டமில்லன்னு சொன்னேன். நீங்க ஃபோன் பண்றதே அவளுக்குத் தொந்தரவா இருக்கு, முகத்துக்கு நேர சொல்லக் கூச்சப்படறான்னு சொன்னேன். மன்னிச்சுக்கங்கன்னு அவர்தான் என்கிட்ட சொல்லிட்டு வெச்சாரு."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று சின்னவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டான். அவள் எதுவும் செய்யவில்லை.

"அந்த நம்பர் இருக்கா?" என்றாள்.

"ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா."

"நீ எதையும் அழிக்கறவன் இல்ல. தேடு."

தேடினான். இருந்தது. ஃபோனை அவள் பக்கம் நீட்டினான்.

"நீ பண்ணு. நான் இஷ்டமில்லன்னு சொல்லல, நீ சொன்னது பொய்னு உன் வாயால சொல்லு. சத்தமா போடு, நானும் கேக்கறேன்."

"இப்ப எதுக்குக்கா? அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கும்..."

"நான் ஒண்ணும் கேக்கப் போறதில்லடா. அவரைத் தொந்தரவுன்னு நெனச்சவ நான் இல்லைன்னு அவருக்குத் தெரியணும். அவ்வளவுதான். பண்ணு."

மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பெரியவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தேழு வயதில் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியாது.

"ஹலோ, யாரு?" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். ஐந்து வயசுக்கு மேல் இருக்காது. "அப்பா கடையில ஒருத்தங்களுக்குக் கண்ணாடி மாட்டி விடறாங்க. யாரு பேசறீங்க?"

சின்னவன் பேந்தப் பேந்த விழித்தான். அக்காவைப் பார்த்தான், ஃபோனைப் பார்த்தான்.

பெரியவள் கையை நீட்டி ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"தப்பா போட்டுட்டேன் கண்ணு. வெச்சிடும்மா" என்றாள். அணைத்தாள்.

வாசலில் சிவப்புக் கார் வந்து நின்றது. டாக்டர் குஷியில் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பெரியவள் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தாள், பேனாவை எடுத்தாள், எந்த இடத்தில் போட வேண்டும் என்று தேடினாள். எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

அப்போது அவள் இடது கையிலிருந்த ஃபோன் அடித்தது. அதே நம்பர்.

சின்னவன் ஃபோனுக்காகக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.